ரோட் ராஷ்: நகலும் மூலமும்

ரோட் ராஷ் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-ல் சேகா மெகா டிரைவ் கருவிக்காக வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பந்தய விளையாட்டு. களம் பொதுச்சாலை, பந்தயம் சட்டவிரோதமானது. பக்கத்தில் வருபவரை உதைக்கலாம், அவர் கையிலிருக்கும் தடியைப் பிடுங்கி அடிக்கலாம். போலீஸ்காரரிடம் சிக்கினால் அபராதம். சாலையில் விழுந்து தோல் உரிவதைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்கே விளையாட்டின் பெயரானது.

இதன் புதிய வடிவம் 1994-ல் த்ரீடிஓ கருவிக்கு வந்தது. 1996-ல் அது விண்டோஸ் கணினிக்கு மாற்றப்பட்டது. குமரி மாவட்டத்தில் ரோட் ராஷ் என்று நினைவுகூரப்படுவது பெரும்பாலும் இந்தக் கணினி வடிவமே.

நாஞ்சில் நாட்டில்

1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக மெகா டிரைவ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ரூ. 18,000. நாகர்கோவிலின் நடுத்தரக் குடும்பங்களில் ‘டிவி கேம்’ என்றால் நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள்தான். அவற்றில் சில வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் வந்தவை. ரோட் ராஷ் அந்த வழியில் வரவில்லை. கணினிப் பயிற்சி நிலையங்களிலும் பிரௌசிங் சென்டர்களிலும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகப் பரவியது. நாடெங்கும் சுற்றிய அந்த நகல்களில் பலவற்றில், அளவைக் குறைப்பதற்காகக் காணொளிகளும் ராக் பாடல்களும் நீக்கப்பட்டிருந்தன.

ஆகவே இப்பகுதி ரசிகர் இன்று மூலப்பிரதியைத் தேடி வாங்கும்போது இழந்த ஒன்றை மீட்பதில்லை. தன்னிடம் ஒருபோதும் இல்லாத ஒன்றை வாங்குகிறார்.

மதிப்பீடு

நீக்கப்பட்டவற்றின் இழப்பு எவ்வளவு? சவுண்ட்கார்டன், மான்ஸ்டர் மேக்னட் போன்ற குழுக்களின் பாடல்கள் பட்டியல் திரைகளிலும் காணொளிகளிலும் மட்டுமே ஒலிக்கின்றன. பந்தயத்தின்போது ஒலிப்பது வேறு இசை. நகலில் போனது விளையாட்டின் தொனி. கலிஃபோர்னிய இளைஞர் வாழ்க்கையைப் பற்றிய ஒரு கேலி அதில் இருந்தது. ஆனால் அந்தக் காணொளிகள் இன்று மிகவும் பழையனவாகத் தெரிகின்றன. நகல் விட்டுவைத்த பகுதியே விளையாட்டின் வலுவான பகுதி.

அதற்குக் காரணம் இருவழிச்சாலை. அக்காலப் பந்தய விளையாட்டுகள் பலவும் மூடிய தடங்களில் நடந்தன. இதில் உண்மையான எதிரி மேட்டுக்கு அப்பாலிருந்து திடீரென வரும் கார். எதிரே பேருந்து முந்திவரும் பழைய நாகர்கோவில் – மார்த்தாண்டம் சாலையில் வண்டி ஓட்டியவருக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டில் போக்குவரத்து அமெரிக்க முறைப்படி வலப்பக்கம் செல்கிறது. இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய கை, எதிரே வரும் வண்டியை நோக்கியே திரும்பும். வடிவமைத்தவர்கள் நினைத்திராத கூடுதல் சவால் இது.

விழுந்தவர் எழுந்து பைக் கிடக்கும் இடம்வரை ஓடவேண்டும் என்பது சிறந்த கற்பனை. தோல்வியை அது நேரமாக மாற்றுகிறது. அதுவே விளையாட்டின் பெரிய பொய்யும்கூட: பெயரில் உள்ள சிராய்ப்பு திரையில் இல்லை. இன்னொரு குறை, ஐந்தே சாலைகள். படிநிலை ஏறும்போது அவற்றின் நீளமும் எதிரிகளின் வேகமும் கூடுகின்றனவே தவிர, பெரிதாக வேறொன்றும் மாறுவதில்லை. மூன்றாம் நிலைக்குமேல் சலிப்பு தட்டுகிறது.

சேகரிப்பு

மெகா டிரைவ் கேசட்டில் ஆட்டத்தின் நிலை கடவுச்சொல்லாகத் தரப்படுகிறது. உள்ளே தீர்ந்துபோகும் மின்கலம் இல்லாததால் பழைய கேசட்டைத் தயங்காமல் வாங்கலாம். பார்க்கவேண்டியது பதிப்பு. பால் முறை கருவிகள் 50 ஹெர்ட்ஸிலும் அமெரிக்கக் கருவிகள் 60 ஹெர்ட்ஸிலும் இயங்குபவை. வேகம் சரிசெய்யப்படாத ஆட்டங்கள் பால் கருவியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகின்றன. முதல் ரோட் ராஷ் இயல்பிலேயே படச்சட்டங்கள் குறைந்த ஆட்டம் என்பதால் அமெரிக்கப் பதிப்பையே நாடுவது நல்லது. விண்டோஸ் குறுந்தகடு விண்டோஸ் 95 காலத்துக்குரியது. இன்றைய கணினியில் மாற்றங்கள் செய்யாமல் ஓடுவது அரிது. நகலில் விளையாடி வளர்ந்தவர் அதை ஓடவைத்தபின் முதலில் தேடுவது, பெரும்பாலும், காணொளியைத் தாண்டிச் செல்லும் விசையைத்தான்.