வசனக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

நம் பாடசாலைகளில் வழங்கும் வசனக் கணக்கும் ஒருவகைச் சிறுகதையே. அதிலே பாத்திரம் உண்டு; சம்பவம் உண்டு; முடிவை மட்டும் மாணவன் எழுதுகிறான். ஆயினும், கதைகளைத் துருவித் துருவி ஆராயும் நம் விமர்சகர்கள் இக்கதைகளின் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கட்டாயமாகப் படிக்கும் இலக்கியம் இதுவன்றோ!

பிறேசில் நாட்டின் றெசிபே நகரிலே தெரெசின்யா நூனெஸ் கறஹர் முதலிய ஆய்வாளர் மூவர் நிகழ்த்தி, 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கவனிக்கற்பாலது. தெருவிலும் சந்தையிலும் வியாபாரஞ் செய்யும் ஏழைச் சிறுவர் ஐவரை அவர்கள் வாடிக்கையாளர்போல் அணுகினர். தேங்காய் ஒன்று 35 குருசைரோ. நான்கின் விலை என்ன? 'மூன்றுக்கு 105, 30 சேர்ந்தால் 135, ஒன்று 35 ஆதலால் 140' என்றான் ஒரு சிறுவன். பின்னர் அவனையே 35ஐ 4ஆற் பெருக்குமாறு கேட்டனர். நாலைந்து இருபது, கைவசம் 2, 2உம் 3உம் 5, நாலைந்து இருபது, விடை 200 என்றான். சந்தையிலே அவ்விலையைச் சொல்லியிருப்பின் வாங்க வந்தவர் சண்டைக்கு வந்திருப்பார். தாளோ வாய்திறவாது ஏற்றுக்கொண்டது. சந்தையிலே அச்சிறுவரின் விடைகளில் நூற்றுக்கு 98 சரியானவை. வசனக் கணக்காகக் கொடுத்தபோது ஏறத்தாழ 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37.

இதைக் கண்டு, பாடநூலிலே மாம்பழத்தையும் மீனையும் சேர்த்துவிட்டாற் போதுமென்று சிலர் கருதுகின்றனர். அவை ஏற்கெனவே அங்கு உள்ளன. காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் நிலம், பொன், நெல், அரிசி எல்லாம் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணும் வழிகூட உண்டு. பழம்பெருமை பேசுவோர் இதனை எடுத்துக்காட்டி மகிழ்வர். நானும் அதனைச் சுவைத்துப் படித்தவனே. ஆனால் நெல்லை அளப்பவன் கணக்கு அது. அளந்து கொடுத்தவன் வீட்டுக்கு எஞ்சியது எவ்வளவு என்று அந்நூலுட் கேட்பார் யார்?

நம் எளிய வட்டிக் கணக்கும் அத்தகையதே. முதலை வீதத்தாற் பெருக்கு, காலத்தாற் பெருக்கு, நூறால் வகு. கடன்பட்டவன் முழுத்தொகையையும் தவணை முடியும்வரை கையில் வைத்திருப்பதாக ஒரு பாவனை. இக்கதை கடன் கொடுத்தவன் வாயாற் சொல்லப்பட்ட கதை.

கணித ஆசிரியர் இல்லாமையால், தமிழ் ஆசிரியனாகிய நானே ஒன்பதாம் வகுப்பிலே இப்பாடத்தை நடத்த நேர்ந்தது. உண்மையான கடனொன்றைக் கொண்டு வரும்படி சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தன் தாயாரின் நுண்கடன் புத்தகத்தைக் கொண்டு வந்தாள். 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்குக் கிழக்கிலே அக்கடன்கள் வாசல்தோறும் வந்ததை வாசகர் அறிவர். முதல் 60,000 ரூபா. வட்டி நூற்றுக்கு 24. தவணை 12 மாதம். மாதம் 6,200 ரூபா. வட்டி 14,400 என்று சரியாகவே எழுதினாள். பாராட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்:

"முதல் மாசத்திலயிருந்தே அம்மா கட்டுறா, சேர். பிறகேன் கடைசி மட்டும் அறுபதாயிரத்துக்கும் வட்டி?"

பாடத்தை நிறுத்திவிட்டு அவள் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம். மாதம் 5,000 வீதம் முதல் குறைந்து வருமாயின் கையிலுள்ள கடன் 60,000, 55,000, 50,000 என இறங்கி ஈற்றில் 5,000 ஆகும். பன்னிரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரி 32,500. அதற்கு 14,400 வட்டியெனில் நூற்றுக்கு 44க்கு மேல்! சராசரி, சதவீதம், கூட்டல் விருத்தி என வெவ்வேறு பாடங்களாகக் கிடந்தவையெல்லாம் அந்த ஒரு புத்தகத்திலே வந்து கூடின. கூட்டலில் எப்போதும் தவறும் பையனொருவன் தானாகவே மூன்று தடவை சரிபார்த்தான்.

இதற்கு மூன்று பாடவேளைகள் சென்றன. பாடத்திட்டத்திலே பின்தங்கிவிட்டேன் என்று அதிபர் குறைப்பட்டுக்கொண்டார். மறுவாரம் இன்னும் இருவர் புத்தகங்களுடன் வந்து நின்றனர்.