மூன்று சக்கரம், இரண்டு கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் ஓட்டோ நின்றால் அது வாடகைக்கு ஓடுவது என்று முடிவு கட்டிவிட முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், அம்மா சந்தைக்குப் போவதும், வெள்ளிக்கிழமை குடும்பமாகக் கோயிலுக்குப் போவதும் அதிலேயே இருக்கலாம். சென்னையில் அதே பஜாஜ் வண்டியைச் சொந்த உபயோகத்துக்கென்று வாங்கி நிறுத்தியிருப்பவரைக் காண்பது அரிது. இங்கே ஆட்டோ என்றாலே சவாரிதான்.

இலங்கையின் ஆங்கிலத்தில் இந்த வண்டி 'த்ரீவீலர்'. அரசாங்கத் தமிழில் முச்சக்கர வண்டி. சக்கரம் எத்தனை என்பதோடு பெயர் நின்றுவிடுகிறது. வண்டி எதற்கு என்று சொல்வதில்லை. இந்தியாவில் 'த்ரீவீலர்' என்பது பெரும்பாலும் வண்டிக் கம்பெனிகளின் விற்பனைக் கணக்கில் வரும் சொல். சரக்கு வண்டிகளும் அதில் அடக்கம். ஆளேற்றுவது ஆட்டோ ரிக்‌ஷா. ஆள் இழுத்த ரிக்‌ஷா பெரும்பாலும் போய்விட்டாலும் அதன் தொழில் இந்தப் பெயரில் தங்கிவிட்டது.

சட்டமும் ஏறத்தாழ இப்படியே பிரிகிறது. தமிழ்நாட்டில் ஆட்டோ ஓட்ட பர்மிட் வேண்டும், தகுதிச் சான்றான எஃப்சி வேண்டும், காக்கிச் சட்டை வேண்டும். கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கிறது. 2013இல் சென்னைக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, அந்தக் கட்டணம் அங்கேயே நின்றது. "மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்" என்ற பேரம் இதில் மேலும் வலுத்தது. ஆனால் தொழில் என்று ஆகிவிட்டதால் தொழிலுக்குரிய பெருமையும் உண்டு. வண்டியின் முதுகில் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று எழுதுபவர் தன்னை ஊருக்குப் பொறுப்பானவராக நினைக்கிறார்.

இலங்கையில் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வந்து இறங்கிய வண்டி இது. பதிவானவை 10 லட்சத்துக்கும் மேல். காசு சேர்த்தவர் வாங்கலாம், வீட்டுக்கு ஓடலாம், நேரம் கிடைக்கும்போது ஹயருக்கும், அதாவது வாடகைச் சவாரிக்கும் போகலாம். வேலையிழந்த இளைஞனுக்கு மறுநாளே ஒரு பிழைப்பு. மீட்டர் இல்லாத ஊர்களில் "அண்ணை, எவ்வளவு எடுப்பியள்?" என்று கேட்டுவிட்டு ஏறுவதே வழக்கம். கொழும்பில் 2015க்குப் பிறகு வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி அந்தப் பேரத்தைக் குறைத்தது.

இந்தத் தாராளத்தின் விலை 2022இல் தெரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்றார்கள். கோயிலுக்குப் போகும் வண்டிக்கும் அதே 5, நாள் முழுக்க ஹயர் ஓடிக் குடும்பம் நடத்தும் வண்டிக்கும் அதே 5. எது தொழில், எது வீட்டு உபயோகம் என்று பிரித்துக்காட்ட அரசின் கையில் ஏடில்லை. ஹயர் ஓடுவோரைத் தனியாகப் பதியத் தொடங்கிய பிறகே அவர்களுக்குக் கூடுதல் பங்கு கொடுக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் அந்த ஏடு இருக்கிறது. ஓட்டுநர் யார், வண்டி எது என்று அரசுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டணத்தைக் காலத்தோடு திருத்தாமல் விட்டால், பதிவேடு அபராதம் போட மட்டுமே உதவும். இலங்கை தன் தொழிலாளியை முதலில் எண்ண வேண்டும். எண்ணி வைத்திருக்கும் தமிழ்நாடு அவருக்குக் கட்டுப்படியாகும் கூலியைத் தர வேண்டும்.