முட்டை உடையட்டும்

மாடியிலிருந்து முட்டையைக் கீழே விட வேண்டும், அது உடையக் கூடாது. ஸ்ட்ரா, செய்தித்தாள், பலூன், ரப்பர் பேண்ட், செலோடேப் என்று கையில் கொடுத்துவிட்டு, கூட்டைப் பிள்ளைகளே கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பள்ளி அறிவியல் விழாக்களில் பழகிப்போன இந்த 'எக் டிராப்' போட்டியில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புவியீர்ப்பையும் மோதலையும் கற்பிப்பதாகச் சொல்லித்தானே வகுப்பு நேரத்தைக் கேட்கிறார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துத் தெருக்களிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்த இரண்டையும் இதில் கற்கிறதா என்று பார்ப்போம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் கையை ஏன் பின்னுக்கு இழுக்கிறார் என்பதை அதில் கணத்தாக்கின் கீழ் படிக்கிறார்கள். முட்டைக்கும் அதே கணக்குதான். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை 4 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் 60 கிராம் முட்டையின் மேல் சராசரியாக 60 கிலோ எடை ஏறியதற்குச் சமம். நிற்பதற்கு 4 சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் அது 6 கிலோவாகக் குறையும். கூடு செய்ய வேண்டிய முதல் வேலை இந்த இடத்தைக் கொடுப்பது. இரண்டாவது, சுமை ஓட்டின் ஒரே புள்ளியில் விழாமல் பரப்பிவிடுவது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அது எளிதில் கிடைக்கும். கிடைத்ததும் கை முதலில் செய்வது, காயத்துக்குக் கட்டுவதுபோல இறுகச் சுற்றுவதுதான். இறுகச் சுற்றிய துணியில் நசுங்க இடமில்லை. அப்படியே கல்லாய் விழும். அதே துணியைத் தளரச் சுருட்டி நான்கு பக்கமும் அடைத்தால் முட்டை அதற்குள் அமிழ்ந்து நிற்கும். இந்த வேறுபாடு ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் போட்டி தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன். போட்டியின் விதிகளோ அதற்கு இடம் தருவதில்லை.

பாலித்தீன் பையில் பாராசூட் கட்டியவர் ஜெயிக்கிறார். அவர் மோதலைச் சமாளிக்கவில்லை, காற்றின் தடையைக் கொண்டு அதைத் தவிர்த்திருக்கிறார். அதுவும் நல்ல பாடம்தான், ஆனால் வேறு பாடம். ஆடிக் காற்றில் அந்தப் பை எந்தப் பக்கம் போய் விழும் என்பதும் அதிர்ஷ்டத்தின் கையில். இரண்டையும் ஒரே பரிசுக்கு நிறுத்தினால் எது எதனால் ஜெயித்தது என்று ஆசிரியராலேயே சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய குறை, ஒரே முட்டையை ஒரே முறை போட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. ஓட்டின் தடிமன் முட்டைக்கு முட்டை மாறும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்க வேண்டும். முட்டையை நிற்க வைத்தால்தான் பலம் என்று வகுப்புகளில் காலங்காலமாகச் சொல்லிவந்ததை அவர்கள் சோதித்தார்கள். 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 180 முட்டைகளைப் போட்டார்கள். 8 மில்லிமீட்டரில் நின்றபடி விழுந்தவற்றில் பாதிக்கு மேல் உடைந்தன. படுத்து விழுந்தவற்றில் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஓட்டை உடைக்கத் தேவையான விசை இரண்டு நிலையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படுத்திருக்கும் முட்டை உடைவதற்கு முன் சற்று அதிகம் நெகிழ்கிறது, அதனால் அதிக ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் முட்டை அட்டைக்குழியில் நின்றபடி வருவதைப் பார்த்த பிள்ளை கூட்டிலும் அப்படியே நிறுத்தும். அந்த நம்பிக்கையை ஒரே ஒரு முட்டை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது.

முட்டை உடைந்த பிள்ளையைப் போட்டியிலிருந்து வெளியே அனுப்புவதும் தவறு. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான் 2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதி நொறுங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, எதெல்லாம் தவறக்கூடும் என்று முதலில் பட்டியலிட்டுக்கொண்டே கட்டப்பட்டது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தாங்குவதாக இருந்த கால்களை 3 மீட்டருக்குத் தாங்கும்படி வலுவாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது. முதல் கலம் உடைந்ததுமே 'நீங்கள் அவுட்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாப்பாட்டுப் பொருளை வீணடிக்கலாமா என்ற எதிர்ப்பையும் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். 1989-இல் சத்துணவில் சேர்ந்த முட்டைக்கு நம் பிள்ளைகளின் தட்டில் இருக்கும் மதிப்பு பெரியது. அதற்கு வழி உண்டு. முதல் சோதனைகளை 60 கிராம் களிமண் உருண்டையில் செய்யலாம். விழுந்த பிறகு உருண்டையில் தட்டையாகிப் போன வட்டம் எவ்வளவு அகலமோ, அடி அவ்வளவு பலம். அதை ஸ்கேலால் அளந்து எழுதிவைக்க முடியும், முட்டையில் அது முடியாது. கூடு தேறிய பிறகு முட்டை வரட்டும், அதுவும் சுத்தமான பாலித்தீன் உறைக்குள். உடைந்தாலும் நன்றாக வேகவைத்து உண்ணலாம்.

ஆகவே இப்போதைய வடிவில் இது பாடம் அல்ல, பொழுதுபோக்கு. வகுப்பு நேரத்துக்கு உரிமை கேட்க முடியாது. சோதனையாக மாற்றினால் தாராளமாகக் கொடுக்கலாம். பாராசூட் தனி நாள். மாடியும் கைப்பிடிச்சுவர் ஆபத்தும் வேண்டாம், அரை மீட்டரில் தொடங்கி முட்டை உடையும்வரை உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும். எந்த உயரத்தில், ஓட்டின் எந்தப் பக்கத்தில் விரிசல் விழும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே நோட்டில் எழுத வேண்டும். பிறகு கூட்டைப் பிரித்து எந்த ஸ்ட்ரா மடங்கியது, எது மடங்கவே இல்லை என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் இந்த இரண்டுக்கும்தான். மடங்காத ஸ்ட்ரா வேலையே செய்யவில்லை என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு மறுநாள் இன்னும் லேசான கூட்டோடு வரும் பிள்ளைக்குப் பரிசையும் கொடுத்துவிடலாம்.