2 முதல் 11 வரை

திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை பட்டை பட்டையாக ஓடும். காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இது பிறப்பு, இது ஊர்வலம், இது துறவு என்று அந்த வரிகளே நம்மை நடத்திச் செல்லும். தமிழ்நாட்டில் பணியாற்றிய கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு அந்த வரிகள்தான் நினைவுக்கு வந்தன. ஓர் ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறிய கதையைக் காட்சிவாரியாகப் படிக்க முடிகிறது என்றால், அது பெரும்பாலும் வெளிநாட்டவர் கதையாகவே இருக்கிறது. அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜான் கிரகரி.

கிரகரி 1954இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் பிறந்தார். அப்பாவும் கால்பந்து வீரர். 1972இல் கீழ்ப் பிரிவு அணியான நார்தாம்ப்டனில் தொடங்கி, 1977இல் ஆஸ்டன் வில்லாவுக்கு வந்தார். அங்கே 2 முதல் 11 வரை எல்லா எண் சட்டைகளையும் அணிந்து ஆடினார். அந்தக் காலத்தில் சட்டை எண் ஆளுக்கு உரியதல்ல, ஆடும் இடத்துக்கு உரியது. ஆகவே கோல்கீப்பர் இடம் தவிர மைதானத்தின் எல்லா மூலைகளிலும் அவர் நின்று பார்த்திருக்கிறார். எங்கள் காஞ்சிபுரத்துத் தறியில் பாவு பிணைத்து, ஊடை சுற்றி, கரையை உடலோடு இணைக்கும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வளர்ந்தவரிடம் சேலையைக் காட்டினால், பிசகு எந்தக் கையில் நேர்ந்தது என்று சொல்லிவிடுவார். கிரகரியின் பயிற்சியிலும் அந்த அறிவு இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

பிரைட்டன், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், டெர்பி என்று அவர் பயணம் நீண்டது. 1982 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆடினார். இங்கிலாந்து அணிக்காக ஆடியது 6 ஆட்டங்கள். பயிற்சியாளராக அவர் உச்சம் தொட்டது 1998இல் வில்லாவுக்குப் பொறுப்பேற்ற பின்புதான். 2000இல் பழைய வெம்ப்ளி மைதானத்தின் கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு அணியை அழைத்துச் சென்று, செல்சியிடம் 0-1 என்று தோற்றார். பிறகு இறக்கம்தான். டெர்பி, மறுபடி ரேஞ்சர்ஸ், இஸ்ரேல், கஜகஸ்தான், கிராலி. 2017இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான சென்னையின் எஃப்சி அவரை அழைத்தபோது அவருக்கு வயது 63.

அந்தப் பருவத்தில் ஐ.எஸ்.எல். விதி மாறியது. களத்தில் வெளிநாட்டவர் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று ஆனது. இந்திய ஆட்டக்காரர்களை நம்பாமல் இனி வழியில்லை. நடுக்களத்தில் வியாசர்பாடி தனபால் கணேஷ், முன்வரிசையில் ஜெஜெ, கோல் கம்பங்களுக்கு நடுவே கரண்ஜித் சிங் என்று கிரகரி கட்டிய அணி, பார்வைக்கு அழகான அணி அல்ல. அசைக்க முடியாத அணி. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் அடித்தார். மைதானம் முழுக்க நீலம். சென்னை பதறவில்லை. ஆட்டக்காரர் கிரகரி நெல்சன் அடித்த கார்னர்களை மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் கோலாக்கினார்; இரண்டாவது கோல் இடைவேளைக்குச் சற்று முன் வந்தது. ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து மூன்றாவதை அடித்தார். 3-2, சென்னைக்கு இரண்டாவது பட்டம். கார்னரில் பந்து எங்கே இறங்கும், யார் எங்கிருந்து ஓடி வருவார் என்பதெல்லாம் பயிற்சித் திடலில் பிறக்கிற விஷயங்கள். அந்த இரண்டு கோல்களிலும் பயிற்சியாளரின் கை இருக்கிறது.

அடுத்த பருவத்தில் அதே கை தளர்ந்தது. தலைவர் செரெனோ அணியில் இல்லை; கணேஷைக் காயம் முடக்கியது. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், பத்து அணிகளில் கடைசி இடம். 2019 நவம்பர் கடைசியில் கிரகரி விலகினார். இந்த இடத்தில் பலரும் அவர் கதையை மூடிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவருக்குப் பின் வந்த ஓவன் காயில் 2020 இறுதியாட்டம் வரை கொண்டுசென்ற அணி, கிரகரி விட்டுச்சென்ற அணி. அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் கிரகரி காலத்தில் வந்து சேர்ந்தவர். காயில் அவர்களை வேகமாக, துணிந்து ஆடவைத்தார். அது அவர் சாதனை. ஆட்களைத் திரட்டிய பெருமையில் முன்னவருக்கும் பங்குண்டு.

இனி நம்மவர். தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். 1973இல் கேரளம் முதன்முறையாகத் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். கொச்சி இறுதியாட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்றதையும், தலைவர் மணி அடித்த மூன்று கோல்களையும் மலையாளிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த அணியை வார்த்த தமிழரைப் பற்றித் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

அடுத்து சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர், பிறகு வங்கி அணியின் பயிற்சியாளர், பிறகு கிரகரியின் உதவியாளர். கண்டீரவா வெற்றியின்போதும் அடுத்த ஆண்டின் சரிவின்போதும் அதே பெஞ்சில் இருந்தார். 2022 பிப்ரவரியில் அப்போதைய பயிற்சியாளர் போஜிதார் பாந்தோவிச் நீக்கப்பட்டபின் மீதி ஆட்டங்களுக்குச் சென்னையின் அணியை நடத்தியவரும் அவர்தான். கிரகரி வில்லாவில் எந்தெந்த எண் அணிந்தார் என்று காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து நான் எழுத முடிகிறது. பாஷா ஆடிய ஆட்டங்களுக்கு அப்படி ஒரு பட்டியலைத் தமிழில் இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.