நீரிணையும் நாவலும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தார். அந்நெறியைச் சங்கப் பாடல்களோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாளர் பலரின் வழக்கம். கடல்கடந்து குடியேறிய தமிழரைப் பற்றிய நாவல்களை ஆராயும்போது நிலம் பின்னொதுங்கிவிட, ஆசிரியரின் குடியுரிமையே முன்வந்து நிற்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மலேசியத் தமிழிலக்கியத்தைச் சேர்ந்ததா என்னும் கேள்வியும் இவ்வழியில் எழுவதே.

சிங்காரம் இளமையில் மேடானுக்குச் சென்று பணிபுரிந்தவர். போருக்குப்பின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் இருந்தவர். 1972இல் நூலாக வெளிவந்த இந்நாவலின் களம் மேடானும் பினாங்கும், இடைக்கடலுமாம். ஆசிரியரின் ஊரைக்கொண்டு தேடினால் இதற்கு இடமில்லை; களத்தைக்கொண்டு தேடினால் இதனை விலக்க வழியில்லை.

மலாக்கா நீரிணை பிரிக்கும் நீரன்று, சேர்க்கும் நீர். மேடானின் துறைமுகமான பெலாவானிலிருந்து பினாங்கு 300 கி.மீ.க்கும் குறைந்த தொலைவே. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைச் சுமத்திராவும், வடகிழக்குக் காற்றின் வேகத்தைத் தீபகற்பமும் தடுத்துவிடுவதால், பாய்மரக் கலங்கள் இரு கரைகளுக்கிடையே காலங்காலமாகச் சென்றுவந்தன. இந்நீரின் நடுவே கோடு விழுந்தது 1824இல், ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையால்தான். தீபகற்பம் ஒருவர்க்கு, சுமத்திரா மற்றவர்க்கு என்றாயிற்று.

அக்கோட்டின் விளைவு பின்னர்த் தெரிந்தது. தீபகற்பத்தில் நடுமலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஈயம் கிடைத்தது. அடிவாரத்து மேட்டுநிலம் ரப்பருக்கு ஏற்றதாயிற்று. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இட்ட முதல் இருப்புப்பாதை, சுரங்கத்தைக் கடலோடு இணைத்தது. தமிழர் குடியிருப்புகள் மலைக்கும் சதுப்புக்கும் இடைப்பட்ட இம்மேற்குப் பட்டையில்தான் நெருங்கி அமைந்தன. மலைக்குக் கிழக்கே அவை அருகியே காணப்படும். எதிர்க்கரையிலோ, டெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்கும் தமிழர் சென்றனர். மேடானில் 1884இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. ஆயினும் டச்சு ஆட்சிப்பகுதி என்பதால் அங்கே ஆள்திரட்டுவதற்குப் பிரிட்டிஷ் இந்திய அரசின் தடை இருந்தது. பிற்காலத்தில் சாவகத்திலிருந்து வந்த தொழிலாளரே தோட்டங்களை நிறைத்தனர். எதிரெதிர்க் கரைகளில் தமிழர் தொகை இத்துணை வேறுபட்டதற்கு மண் மட்டும் காரணமன்று.

1942இல் ஜப்பானியர் மலாயாவையும் சுமத்திராவையும் ஒரே படையின் ஆட்சியில் வைத்தனர். மறு ஆண்டே பிரித்தனர். இக்குழப்பக் காலத்தையே சிங்காரம் தம் கதைக்கு எடுத்துக்கொண்டார். ஜப்பானியர் நுழையும் மேடானிலிருந்து பாண்டியன் தொங்கானில் பினாங்குக்குக் கடக்கிறான். பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போருக்குப்பின் மீண்டும் சுமத்திராவில், டச்சுக்காரரை எதிர்க்கும் கெரில்லாக்களோடு நிற்கிறான். எல்லைகள் மூன்றுமுறை மாறும் நிலத்தில் ஒருவனது மனம் எங்கே வேர்கொள்ளும் என்பதே நாவலின் உட்கேள்வி. புயலில் அகப்பட்ட தொங்கானின் பகுதி சாகசத்துக்காக எழுதப்பட்டதன்று. அந்நாவலில் நடுக்கடலே நிலம்.

குறையும் உண்டு, அது சிறிதன்று. சிங்காரத்தின் மனிதர்கள் பெரும்பாலும் செட்டிமார் கடையினர், கணக்கர், துறைமுகத்தார், போராளிகள். ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம் அவருடைய பார்வைக்கு எட்டவில்லை. மேற்குப் பட்டையின் பெருந்தொகையினர் நாவலுக்கு வெளியே நிற்க, சுவைஞர் காண்பது கடலோரத் தமிழுலகை மட்டுமே. தோட்டத்தைப் பாடிய நாவல்களோ பெரும்பாலும் தோட்டத்து வேலியோடு முடிந்துவிடுகின்றன; வேலிக்கு அப்பால் எந்த ஆறு, எந்த மாநிலம், யாருடைய கொடி என்பது அவற்றில் அரிதாகவே புலப்படும்.

இவ்விரண்டையும் தொடும் முயற்சி ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. 415 கி.மீ. நீளமுள்ள அப்பாதைக்குத் தோட்டத்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டதால், வேலி தானாகவே உடைந்துபோயிற்று. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும் 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் வசமாகி, 1943இல் சயாமுக்கே கைமாறி, 1945இல் மீண்டவை. கெடாவின் தோட்டத்தார் இடம்பெயராமலே இருமுறை நாடு மாறினர். அவர்களின் கதையைச் சொல்வதற்குப் பாத்திரம் எங்கும் பயணம் போகவேண்டியதுகூட இல்லை. மூடா ஆற்றங்கரையில் ஒரு லயத்தில் நின்றாலே போதும்.