துலாபாரம்: அழுகைக்குள் புதைந்த ஒரு சங்கம்

ஏ. வின்சென்ட் இயக்கி 1969இல் தமிழில் வந்த ‘துலாபாரம்’ இன்று ஒரு பாட்டாகச் சுருங்கிவிட்டது. கண்ணதாசன் எழுதி தேவராஜன் இசையமைத்த அந்தப் பூஞ்சிட்டுப் பாட்டு அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறைகளில் இன்னும் கேட்கிறது. வாகைக் கட்டையில் உளி இறங்கும் சத்தத்துக்கு நடுவே அதை முணுமுணுக்கிற பெரியவரிடம் என்ன படம் என்று கேட்டால், ‘சாரதா படம்யா, புள்ளைங்களுக்கு வெசம் வெக்குமே, அது’ என்கிறார். அதற்குமேல் கதை வரவில்லை. புருஷன் யார், எதற்காகச் செத்தான் என்பதெல்லாம் உதிர்ந்துபோயிருக்கிறது. காலம் போனால் மறக்கத்தானே செய்யும் என்று இதை விட்டுவிட முடியவில்லை. எது தங்கியது, எது உதிர்ந்தது என்பதில் ஒரு தேர்வு நடந்திருக்கிறது.

உதிர்ந்தவன் ஒரு தொழிற்சங்கக்காரன். தமிழில் ஏ.வி.எம். ராஜன் ஏற்ற பாத்திரம். இந்தக் கதை தோப்பில் பாசியினுடையது. கேரளத்துக் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு வளர்ந்த கே.பி.ஏ.சி. மேடையிலிருந்து வந்தது. ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ (1952) எழுதிய அதே பாசி. தேவராஜனும் அந்த மேடையில் இசையமைத்தவர்தான். 1968இல் வின்சென்டே மலையாளத்தில் படமாக்கினார்; சாரதாவுக்கு ஊர்வசி விருது கிடைத்தது. பிறகு தமிழ், தெலுங்கு, இந்தி என்று பயணம். ஆக, நாம் வெறும் ‘அழுகைப்படம்’ என்று ஒதுக்கிவைத்த பிரதிக்கு ஓர் இயக்க மேடையின் வம்சாவளி இருக்கிறது. வானொலிக்கு அந்த வம்சாவளி வேண்டியிருக்கவில்லை. அதற்கு வேண்டியது மூன்று நிமிஷம். தாலாட்டு மாதிரி ஒரு மூன்று நிமிஷம் படத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டது.

மறுபடி பார்த்தபோது முதலில் உறுத்தியது நாயகியின் பிறப்பு. அவள் வசதியான வீட்டுப் பெண். தகப்பன் வழக்கில் எல்லாவற்றையும் இழந்த பிறகுதான் தொழிலாளி வீட்டுக்கு வருகிறாள். ஏன் அப்படி? பிறந்ததிலிருந்தே பட்டினி கிடக்கிறவளின் பட்டினி, துன்பியல் ஆகாதா? வீழ்ந்த செல்வத்துக்காக அழப் பழகிய கண்களுக்கு, என்றுமே செல்வம் இல்லாதவளின் பசி சாதாரணச் செய்தி. தமிழ்த் துலாபாரம் வருவதற்கு முந்தைய டிசம்பர் 25ஆம் தேதி, 1968இல், கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் இருந்ததும்தான் குற்றம். பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். அந்தச் சாவை மனதில் கொண்ட ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ திரைக்கு வர 1983 ஆனது. சங்கம், கூலி, குழந்தைகளின் சாவு என்று வெண்மணிக்குப் பக்கத்திலேயே நின்ற 1969ஆம் வருஷத்துப் படத்தில் சாதி என்ற சொல்லுக்கே வேலையில்லை. இந்த மௌனத்தை வின்சென்டின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. பாசியின் மார்க்சியத்துக்குள்ளும் அது இருந்தது.

இன்னொன்று, நீதிமன்றம். கணவன் கொல்லப்படுகிறான். பிள்ளைகளின் பசி தாங்காமல் மூன்று பேருக்கும் விஷம் கொடுத்துவிட்டு, தான் சாவதற்குள் பிடிபடுகிறாள். எதிர்த்து வாதாடும் அரசு வழக்கறிஞர் அவளுடைய பழைய தோழி, காஞ்சனா. தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் வழக்குரை காதை ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே கண்ணகி கேட்கிறாள், அரசன் பதில் சொல்ல முடியாமல் விழுகிறான். இங்கே அரசு கேட்கிறது. பதில் சொல்லவேண்டியவள் அவள். பட்டினி போட்டவர்கள் யாரும் கூண்டில் இல்லை. படத்துக்கு இது தெரியும். தெரிந்துதான் தராசைத் தலைப்பாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தராசை ஆலைவாசலில் வைக்காமல் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்ததில், சங்கத்தின் கேள்வி தாய்மையின் கேள்வியாக உருமாறிவிடுகிறது. பட்டறைப் பெரியவரின் ஞாபகத்தில் புருஷன் காணாமல் போனதற்குப் படமும் பாதிப் பொறுப்பு.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அந்த அழுகையை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ரித்விக் கட்டக் ‘மேகே தாக்க தாரா’வில் அழவைத்தால் அது கோட்பாடு, சாரதா அழுதால் மட்டரக ரசனை. நம் முற்போக்கு விமர்சனத்தின் இரட்டைக் கணக்கு இது. சாதி பார்க்காமல் தமிழர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகை என்றார் கா. சிவத்தம்பி. டூரிங் டாக்கீஸின் தடுப்புக்கு அந்தப்பக்கம், மணலில் உட்கார்ந்து ஊர்ப் பெண்கள் பொதுவில் சேர்ந்து அழ முடிந்த இடமும் அதுதான். அந்த அழுகை யோசிக்கவே யோசிக்காத அழுகை என்று யார் சொன்னது?

வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போகும் நாலைந்து அக்காமார்களோடு இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். மூக்கைச் சிந்திக்கொண்டுதான் பார்த்தார்கள். படம் முடிந்ததும் அவர்களில் மூத்தவர் கேட்டார்: ‘ஏந்தம்பி, அவம் புருசன் சங்கத்துக்காகத்தான செத்தான்? கூட இருந்தவனுங்க எங்க போனானுங்க? அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு குண்டான் கஞ்சி ஊத்த ஆளில்லையா?’

வேலைநிறுத்தத்தில் அவர்களும் பட்டினிதானே என்று படத்துக்காக வாதாடிப் பார்த்தேன். ‘பட்டினி கெடக்குற ஊட்லதான் பக்கத்தூட்டுப் புள்ளைக்கும் கஞ்சி கெடைக்கும், ஒனக்குத் தெரியாது’ என்றார். படம் வந்த காலத்திலிருந்து இதுவரை நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. வர்க்கம், தாய்மை, சட்டம் என்று பெரிய சொற்களை வைத்துக்கொண்டு நாம் தொடாமல் போன இடம் அது: செத்தவனுடைய வீட்டுக்கு மறுநாள் யார் போனார்கள்? பாசியின் பிரதியிலும் இதற்குப் பதில் கிடையாது. நம் சங்கங்களின் நடைமுறையில் என்ன இருக்கிறது என்பதைச் சங்கத்தில் இருப்பவர்கள்தான் எழுதவேண்டும். எழுதினால் அடுத்த இதழில் விவாதிக்கலாம்.