ரோமத்தில் படித்த கருவின் கதை

1961 ஏப்ரல் 22ஆம் தேதி 'நேச்சர்' இதழில் சுண்டெலியின் எக்ஸ் குரோமோசோம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எழுதியவர் மேரி லயன். கதிர்வீச்சு மரபணுக்களை எப்படிக் கெடுக்கிறது என்பதை எலிகளை வைத்து ஆராயும் பணியில், இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இருந்தவர். உயிரியலில் நான் எடுத்தெடுத்துப் படித்து மகிழும் கட்டுரை இது.

அவர் கையில் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் துறையினர் அறிந்திருந்த செய்திகளே. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள பெண் எலி நலமாக வளர்கிறது, குட்டியும் போடுகிறது. பெண் செல்லின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று மட்டும் சுருண்டு இறுகிக் கிடப்பதை சுசுமு ஓனோ நுண்ணோக்கியில் கண்டிருந்தார். எக்ஸில் உள்ள நிற மரபணுவின் இரு வடிவங்களையும் பெற்ற பெண் எலிக்கு, இரண்டும் கலந்த இடைநிறம் வருவதில்லை. உடலெங்கும் திட்டுத் திட்டாக இரண்டு நிறம் வருகிறது. முதலாவது இனப்பெருக்கக் கூண்டிலிருந்து வந்தது, இரண்டாவது கண்ணாடிச் சில்லிலிருந்து, மூன்றாவது ரோமத்திலிருந்து. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

வைத்துப் பார்த்த லயன் சொன்னது இதுதான்: கரு மிக இளையதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரு எக்ஸ்களில் ஒன்றை முடக்கிவிடுகிறது. தாய் தந்ததா, தந்தை தந்ததா என்பது செல்லுக்குச் செல் தற்செயல். ஆனால் ஒருமுறை முடக்கியபின் அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே எக்ஸையே முடக்கிவைக்கும். இதில் ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட முடியாது. தற்செயல் இல்லையென்றால் எலி முழுதும் ஒரே நிறமாயிருக்கும். வாரிசுகள் மாற்றிக்கொண்டேயிருந்தால் திட்டே உருவாகாது. திட்டு இருக்கிறது என்பதே இரண்டுக்கும் சாட்சி.

அந்தத் திட்டுகளின் விளிம்பு கலங்கியிருப்பதும் எனக்கு அழகாகவே படுகிறது. நிறம் தரும் செல்கள் கருவின் முதுகோரத்திலிருந்து தோலெங்கும் நடந்து பரவுகின்றன. போகிற வழியில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கருவில் நடந்த அந்தப் பயணத்தின் தடம் வளர்ந்த எலியின் ரோமத்தில் தங்கிவிடுகிறது.

புற அடையாளத்திலிருந்து உள்ளே போகிற இந்தப் பார்வை அவருக்குப் புதிதல்ல. கேம்பிரிட்ஜில் தொடங்கி எடின்பரோவில் முடித்த முனைவர் ஆய்விலேயே, வெளிறிய ரோமமும் தலைசாய்வும் சேர்ந்து வரும் ஒரு வகை எலியை எடுத்துக்கொண்டு, சமநிலை தவறுவதன் காரணத்தை உட்காதின் நுண்கற்கள் வரை தேடிப் போனவர் அவர்.

கருதுகோளுக்கு நொதியிலிருந்து வந்த சான்று இன்னும் நயமானது. ஜி6பிடி என்ற நொதியின் மரபணு எக்ஸில் இருக்கிறது. அதன் ஏ, பி என்ற இரு வடிவங்களையும் மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தறியலாம். இரண்டையும் பெற்ற பெண்களின் தோல் செல்களை 1963இல் பால்டிமோர் ஆய்வாளர்கள் தனித்தனியே பிரித்து வளர்த்தார்கள். ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய ஒவ்வொரு கூட்டத்திலும் ஏ மட்டும் இருந்தது, அல்லது பி மட்டும் இருந்தது. எலியின் ரோமத்தில் லயன் கண்ட அதே திட்டு, நிறமே இல்லாத செல்களிலும் இருந்தது.

லயன் சான்றாகக் கொண்ட திட்டெலிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. திட்டுகளைத் தரும் அந்த மரபணுவின் கடுமையான வடிவங்களைப் பெற்ற ஆண் எலிகள் பிறக்கும் முன்போ, பிறந்த சில வாரங்களிலோ இறந்துவிடும். பெண் எலிகள் வெண்திட்டுகளோடு வாழும். இதன் காரணத்துக்கான வழி குழந்தைகளின் நோய் ஒன்றிலிருந்து திறந்தது. 1972இல் மெல்போர்னில் மருத்துவர் டேவிட் டாங்க்ஸ், மென்கஸ் என்ற மரபு நோயுள்ள குழந்தைகளின் முறுக்கிய முடியைப் பார்த்தார். தாமிரம் போதாத ஆடுகளின் கம்பளி அவர் நினைவுக்கு வந்தது. குழந்தைகளின் குறையும் தாமிரம்தான் என்று நிறுவினார். 1993இல் அந்த நோயின் மரபணு பிடிபட்டது. செல்லுக்குள் தாமிரத்தை ஏற்றி இறக்கும் நொதி ஒன்றை அது ஆக்குகிறது. திட்டெலியில் பழுதானதும் இதே மரபணுதான். நிறமி செய்யும் டைரோசினேஸ் நொதி அந்த எலியிலும் பழுதற்றே இருக்கிறது, ஆனால் தாமிரம் வந்து சேராததால் வேலை செய்ய முடியவில்லை. ஒரு நொதியின் பழுது, பழுதற்ற இன்னொரு நொதியை நிறுத்திவைத்ததன் வெளித்தோற்றமே அந்த வெள்ளை.

லயனின் கருதுகோளால் தெளிந்த ஒன்று மருத்துவத்தில் இன்றும் பயன்படுகிறது. எக்ஸில் ஒரே பழுதைச் சுமக்கும் சகோதரிகளில் ஒருத்திக்கு அறிகுறியே இல்லாதிருக்கலாம், மற்றவளுக்குத் தெளிவாகத் தெரியலாம். எந்த எக்ஸ் எத்தனை செல்களில் முடங்கியது என்பதைப் பொறுத்தது அது. அவர்கள் செய்த எதனாலும், செய்யாத எதனாலும் அல்ல. குடும்பங்களிடம் இதைச் சொல்ல இன்று மருத்துவர்களால் முடிகிறதென்றால், எலியின் திட்டுகளை மேரி லயன் அத்தனை கூர்மையாகப் படித்ததும் அதற்கு ஒரு காரணம்.